நாற்சார் வீடொன்றில் ஒரு காலைப்பொழுது

யாழ்ப்பாண நகருக்குச் சற்று வெளியே, அருங்காட்சியகமாகப் பேணப்படும் பழைய நாற்சார் வீடொன்றைப் பார்த்து வந்தோம். நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு புறமும் தாழ்வாரம் ஓட, பனஞ்சிலாகைகளின் மீது ஓடு வேயப்பட்டிருப்பதால், வெளியே வெயில் கொளுத்தியபோதும் உள்ளே குளிர்ச்சியாகவே இருந்தது. பெட்டகம், திருகை, சுளகு முதலியவற்றைப் பெயர்ப்பலகையுடன் ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். கிணற்றடியில் நீர் இறைக்கும் துலாவும் நிற்கிறது (பேரப்பிள்ளைகள் அதை ஊஞ்சல் என்றே எண்ணிவிட்டார்கள்). ஆனால், 1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையில் சீதனச் சொத்து தாயிடமிருந்து மகளுக்குச் செல்வதாக இருந்தும், அதைப் பற்றி எந்தப் பலகையும் பேசாமல், சுவரெங்கும் ஆண்களின் படங்களே தொங்குவது எனக்கு உறுத்தலாக இருந்தது. அடுக்களையைப் பூட்டி வைத்திருந்ததும் ஏமாற்றமே. காலையில் செல்வது நல்லது. பிற்பகலில் உள்ளறைகளில் வெளிச்சம் போதாது.