பாட்டுப் புத்தகத்துக்கு லிப்ரே ஆபீஸ் ரைட்டர்: டர்பனிலிருந்து ஒரு மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் கோயில் பஜனைக் குழுவின் பாட்டுப் புத்தகத்தைத் தட்டச்சு செய்வது என் பொறுப்பு. இங்குள்ள பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. ஆகவே தேவார வரி முதலில் தமிழில், அதன் கீழேயே ஆங்கில எழுத்தில் வரவேண்டும். இதற்கு லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள ரைட்டர் என்ற எழுத்துச் செயலி மிகத் தோதானது. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவையும் அளவையும் தனித்தனியே குறிக்கலாம். பாணியில் (ஸ்டைல்) ஒருமுறை குறித்தால் புத்தகம் முழுக்க அப்படியே அமையும். ஆனால் தமிழுக்கான அமைப்பைச் 'சிக்கலான உரை' என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறார்கள். புதிதாக வருபவர் அங்கே தேடவே மாட்டார். அதை மாற்றியே ஆகவேண்டும்.

இதை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் கோப்பு வடிவம். எங்கள் மூத்தவர்கள் விலை கொடுத்து வாங்கிய ஒரு பழைய செயலியில் சேர்த்துவைத்த பாடல்கள், இன்று திறந்தால் வெறும் குறிகளாக நிற்கின்றன. ரைட்டர் சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு, பல கோப்புகளைச் சுருக்கி அடக்கிய ஒரு ஜிப் பொட்டலம்தான். பிரித்தால் உள்ளே பாடல் யூனிகோடில் படிக்கக் கிடைக்கும். ஓடிஎஃப் (திறந்த ஆவண வடிவம்) எனப்படும் அந்த வடிவம் 2006-இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாகவும், 2008-இல் தென்னாப்பிரிக்காவின் தேசியத் தரமாகவும் ஆனது. அதே 2008-இல், மைக்ரோசாஃப்டின் கோப்பு வடிவமான ஓஓஎக்ஸ்எம்எல்லின் ஏறத்தாழ 6,000 பக்க வரைவு ஐஎஸ்ஓவில் விரைவு வழியில் நிறைவேறியதை எதிர்த்து நம் நாடும் பிரேசில், இந்தியா, வெனிசுவேலாவும் மேல்முறையீடு செய்தன. மேல்முறையீடு தள்ளுபடியானது. ஆனாலும் ஆவணத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் அதன் வடிவத்தில் சொல்லுரிமை உண்டு என்று நம் நாடு உரக்கக் கேட்டதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த உரிமை ரைட்டர் விஷயத்தில் நடைமுறையிலும் இருக்கிறது. ஓடிஎஃப் வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுகின்றன. லிப்ரே ஆபீஸின் பிழைகளைப் பதியும் இணையதளத்தில் எவரும் எழுதலாம், மற்றவர் எழுதியதையும் பார்க்கலாம்.

விலை கிடையாது. பிறர் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ் கோப்புகளில் அட்டவணைகள் சில வேளை இடம் மாறும். அச்சகத்துக்கு பிடிஎஃப் ஆக அனுப்புவதே நல்லது. தமிழில் எழுத்து பிசகினால், தயவுசெய்து அந்தக் கோப்பையே இணைத்துப் பிழையைப் பதியுங்கள். தமிழ் தெரியாத நிரலருக்கு, எழுத்து எப்படி வரவேண்டும் என்பதைக் காட்டும் படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.