திருச்சி–சிங்கப்பூர் தடத்தில் ‘ஸெட்’ ஊழியர் சீட்டு: ஒரு மதிப்பீடு

குடும்பம் திருச்சியிலும் விமானி வேலை சிங்கப்பூரிலும் என்று வாழ்பவர்களுக்கு, விமான நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட ‘ஸெட்’ (ZED, மண்டலவாரி ஊழியர் தள்ளுபடி) ஒப்பந்தத்தின்படி கிடைக்கும், இடம் காலியாக இருந்தால் மட்டுமே பறக்க முடிகிற சலுகைச் சீட்டே பணிக்கு வந்துபோகும் வழியாக இருக்கிறது. கட்டணம் தூரத்தை வைத்து வகுக்கப்படுவதால், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மற்றவர்களின் சீட்டு விலை எகிறும்போதும் நம்முடையது அசைவதில்லை. அந்நாட்களில் இருக்கைதான் கிடைக்காது!

அமெரிக்க உள்நாட்டுச் சேவைகளில், பிற நிறுவன விமானி ஒருவர் கணினிவழி அடையாளச் சரிபார்ப்பு முடிந்து, கேப்டனும் சம்மதித்தால், விமானி அறையில் உள்ள கூடுதல் இருக்கையான ‘ஜம்ப் சீட்’டில் கட்டணமின்றி அமரலாம் என்பதால், பயணிகள் பகுதி நிரம்பிய பிறகும் அவருக்கு ஒரு வாய்ப்பு மிஞ்சுகிறது. நம் தடத்தில் அதை நம்பி யாரும் கிளம்ப முடியாது. முழுக் கட்டணம் செலுத்தியவர்களும், அந்நிறுவனத்தின் சொந்த ஊழியர்களும் இடம்பெற்ற பிறகே நம் பெயர் அழைக்கப்படும்.

சிங்கப்பூரில் ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறை நாட்களில் இச்சீட்டை நான் பரிந்துரைக்கமாட்டேன். மற்ற வாரங்களில், பணிக்கு முந்தைய நாளே கிளம்பி, கைப்பையோடு மட்டும் வந்து, சென்னை வழியாகவோ கோலாலம்பூர் வழியாகவோ இன்னொரு சீட்டையும் கையில் வைத்திருப்பவருக்கு இது லாபமே. பயன்படுத்தாத சீட்டுக்கான பணம் திரும்பி வருவதில்தான் தாமதம் எரிச்சலூட்டுகிறது. ஐந்துக்கு மூன்று மதிப்பெண்.