சென்னை ராத்திரியில் ஒரு பச்சோந்தி: மூன்று கோடை அனுபவம்

2022 ஆகஸ்டில் எங்கள் மடிப்பாக்கம் வீட்டுக்கு வெய்ல்டு கமீலியன் (veiled chameleon) என்ற வகைப் பச்சோந்தி ஒன்று வந்தது. ஏமன் பக்கத்து இனம், ஆண். பெயர் குட்டி. பகலில் அதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: விளக்குக்குக் கீழே 30 டிகிரியை ஒட்டி, கூண்டின் மறுபக்கம் 25. ராத்திரிக்கு என்ன செய்வது என்பதுதான் எனக்கு யாரிடமும் கிடைக்காத பதில்.

கடைக்காரர் கூண்டோடு ஒரு செராமிக் ஹீட்டரும் சிவப்பு பல்பும் சேர்த்துக் கொடுத்தார். ராத்திரி கட்டாயம் சூடு வேண்டும் என்றார். நானும் ஒரு மாதம் அந்தப் பல்பை எரியவிட்டேன். குட்டி நள்ளிரவிலும் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நன்றாகத் தூங்கும் பச்சோந்தியின் நிறம் வெளிறி இளம்பச்சையாகிவிடும். வால் ஜாங்கிரி மாதிரி இறுக்கமாகச் சுருண்டிருக்கும். இரண்டு கண்ணும் முழுக்க மூடியிருக்கும். பல்பைக் கழற்றிய மூன்றாவது நாள்தான் அந்தக் கோலத்தில் அதை முதன்முறையாகப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே மட்டும் மூச்சு மெதுவாக ஏறி இறங்கியது. வெகுநேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏமனின் மலைப் பள்ளத்தாக்குகளில் பகல் எப்படிக் காய்ந்தாலும் இரவு குளிர்ந்துவிடும். பச்சோந்திக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வருவது. இரவு குளிர்ந்தால்தான் உடம்பும் வேகத்தைக் குறைத்துத் தண்ணீரையும் தெம்பையும் மிச்சம் பிடிக்கும். வளர்ந்த ஆணுக்கு 18, 20 டிகிரி இரவு சுகமானது. சென்னையில் ஜனவரி ராத்திரிகூட 20, 21ஐ ஒட்டித்தான் இருக்கும். மே மாதத்தில் வெளிக்காற்றே 27, 28ஐ ஒட்டித்தான் நிற்கும். ஹீட்டரை அன்றைக்குப் பரண்மேல் போட்டது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2023 கத்திரியில்தான் பாடம் படித்தேன். கூண்டு மாடி அறையில் இருந்தது. ரிச்சி தெருவில் வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரின் ஒயர் முனையை, குட்டி தூங்கும் கிளையிலேயே கட்டினேன். இரவு 11 மணிக்கு 33. அதே அறையில் தரைக்குப் பக்கத்தில் 30. பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி கான்கிரீட் ராத்திரி அந்தச் சூட்டைக் கீழே விடுகிறது. பச்சோந்தியோ உயரமான கிளையைத் தேடிப் போய்த்தான் படுக்கும். அறையிலேயே மோசமான இடத்தில் அது தூங்கிக்கொண்டிருந்தது. சுவரில் மாட்டிய தெர்மாமீட்டரை நம்பியிருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

உடம்பிலும் தெரிந்தது. எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகி, ஒரு வாரத்தில் ஆரஞ்சுக்குப் போனது. உடம்பில் நீர் குறைகிறது என்று அர்த்தம்.

முதலில் ஈரச் சாக்கைக் கூண்டைச் சுற்றிக் கட்டினேன். சென்னைக்கு இது சரிப்படாது. ராத்திரியில் கடல் காற்றோடு ஈரமும் நிறைந்திருப்பதால் சாக்கு காய்வதே இல்லை. காயாத சாக்கு எப்படிக் குளிரும்? அரை டிகிரிதான் குறைந்தது. சூடும் ஈரமும் சேர்ந்து நின்று, நான்காம் நாள் கூண்டு மூலையில் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்படிப்பட்ட காற்றில்தான் பச்சோந்திக்கு மூச்சுத் தொற்று வரும். உடனே கழற்றினேன்.

உண்மையில் பலன் தந்தது இடமாற்றம். கூண்டைக் கீழ்த்தளத்தில் அம்மாவின் அறைக்குக் கொண்டுவந்தேன். செலவே இல்லாமல் 3 டிகிரி குறைந்தது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே ராத்திரி ஏசி ஓடும். “ஏம்ப்பா, பாலைவனத்துப் பிராணிதானே, அதுக்கெதுக்கு ஏசி?” என்று அம்மா கேட்டார். மலைக்குளிரைப் பற்றிச் சொன்னதும், “அப்ப எனக்கும் நல்லதுதான்” என்று ஒத்துக்கொண்டார். 25இல் வைக்கிறோம். காற்று நேராகப் படாதபடி கூண்டு பக்கச் சுவரோரம் இருக்கிறது. ஏசி காற்றை உலர்த்திவிடும் என்பதால் விடியற்காலை 5:30க்கு இலைகள் சொட்டும் அளவுக்குத் தண்ணீர் தெளிக்கிறேன். எழுந்ததும் முதல் வேலையாக அந்தச் சொட்டுகளை நக்கிக் குடிக்கும். இரண்டு வாரத்தில் எச்சம் வெள்ளைக்குத் திரும்பியது. கோடையில் இரண்டு மாதக் கரண்ட் பில் எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை கூடுகிறது. இதை வாங்குவதற்கு முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மூன்று நாள் கரண்ட் இல்லை. குளிரில் விறைத்துவிடுமோ என்று பயந்தேன். கூண்டில் 23க்குக் கீழே போகவே இல்லை. பகல் விளக்கும் எரியாததால் காலையில் கொஞ்சம் மந்தமாக இருந்தது, சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தேன், அவ்வளவுதான். மழைக்காலத்தில் ராத்திரி எதுவுமே செய்யத் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் காடுகளில் வாழும் இந்தியப் பச்சோந்தியைப் பிடித்து வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெய்ல்டு மாதிரியான வெளிநாட்டு இனமானாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இனி மே மாதத்து நடுராத்திரிக் கரண்ட் கட்தான் கவலை. எங்கள் இன்வெர்ட்டர் ஏசியைத் தாங்காது, டேபிள் ஃபேனைத் தாங்கும். அதனால் ஃப்ரீசரில் நான்கு ஐஸ் பாட்டில்கள் எப்போதும் தயாராக இருக்கும். கூண்டின் கீழ்ப்பக்கம் அவற்றை வரிசையாக வைத்து, ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுவேன். ஒன்றரை மணி நேரத்துக்கு 2 டிகிரி குறையும். இதுவரை அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.