சைக்கிளுக்கு எது காவல்: சட்டமா, வெள்ளைக் கோடா, தடுப்பா?

சைக்கிளில் போகும்போது பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே தோள்பட்டை தானாக இறுகிவிடும். லாரி கடக்கும்போது காற்று முதலில் நம்மை ஓரத்துக்குத் தள்ளும், அடுத்த நொடியே லாரிப் பக்கம் இழுக்கும். ஹேண்டில்பார் ஆடும். அந்த நொடியில் உயிருக்கு ஆபத்து வராமல் இருக்க மூன்று வழிகள் சொல்கிறார்கள்: சட்டம் போடுவது, சைக்கிளுக்கென்று சாலையோரத்தில் வெள்ளைக் கோடு போட்டு இடம் பிரிப்பது, தடுப்புக் கட்டுவது.

முதலில் சட்டம். ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். சைக்கிள் ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளிப் போகிறது. ஹேண்டில்பார் 60 செ.மீ. அப்புறம் 1.5 மீட்டர் இடைவெளி. காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். மொத்தம் 4.4 மீட்டர். ஒரு தடத்தின் அகலமோ பெரும்பாலும் 3 முதல் 3.5 மீட்டர்தான். ஆக, எதிர்த் தடம் காலியாக இல்லாவிட்டால் முந்தவே கூடாது, பின்னாலேயே பொறுமையாக வர வேண்டும். இதை எத்தனை ஓட்டுநர்கள் புரிந்துவைத்திருக்கிறார்கள்? ஓடும் சாலையில் டேப் வைத்து அளக்கவும் ஆளில்லை. மோதல் நடந்த பிறகு தவறு யாருடையது என்று முடிவு செய்ய இந்த விதி உதவும். அடிபட்டவருக்கு அது பெரிய துணை. ஆனால் அடிபடாமல் காப்பாற்ற அது மட்டும் போதாது.

ஹெல்மெட் சட்டமும் அப்படித்தான். விழுந்தால் தலையைக் காக்கும், கார் மோதுவதைத் தடுக்காது.

சட்டங்களில் நான் முழுமனதோடு ஆதரிப்பது வேக வரம்பைத்தான். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் காரின் மோதும் ஆற்றல், 30-இல் வருவதைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே தெருக்களுக்கு 30 என்று வைத்துவிட்டது. பாரிஸ் 2021-இல் பெரும்பாலான சாலைகளுக்கு அதைக் கொண்டுவந்தது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அகலமான நேர்ச்சாலையில் பலகை மட்டும் நட்டால் யாரும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க மாட்டார்கள். வேகத்தடையும் குறுகலான திருப்பமும் கூடவே வேண்டும்.

அடுத்தது வெள்ளைக் கோடு. செலவு குறைவு, ஓர் இரவில் போட்டுவிடலாம். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். மெல்பர்னில் சைக்கிள்களில் கருவி பொருத்தி அளந்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. கோடு போட்ட சாலைகளில் கார்கள் இன்னும் நெருக்கமாகவே கடந்தன என்று அது காட்டியது. காரணம் எளிதாகப் புரிகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் என் இடம், அந்தப் பக்கம் உன் இடம் என்று ஓட்டுநர் நினைத்துவிடுகிறார், இடைவெளியை மறந்துவிடுகிறார். ஓரத்தில் கார்கள் நின்றால் இன்னும் மோசம். கதவு திறந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வெளியே நீளும். கோடு காட்டும் பாதை நேராக அந்தக் கதவுக்குள் போகிறது.

மூன்றாவது, தடுப்புள்ள தனிப்பாதை. ஸ்பெயினின் செவில் நகரம் 2006 வாக்கில் தொடங்கி சில ஆண்டுகளிலேயே ஒன்றோடொன்று இணைந்த பாதைகளைப் போட்டது, சைக்கிள் பயணம் பல மடங்கு பெருகியது. துண்டு துண்டாகப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. நியூயார்க் 2007-இல் ஒன்பதாவது அவென்யூவில் கார் நிறுத்துமிடத்தை நகர்த்தி, நிற்கும் கார்களையே தடுப்பாக்கியது. நடைபாதைக்கும் கார் வரிசைக்கும் நடுவே சைக்கிள் போகிறது. கதவு திறக்கவும் இடம் விட்டிருக்கிறார்கள்.

தனிப்பாதையின் பலவீனம் சந்திப்பில் இருக்கிறது. அதுவரை தடுப்புக்குப் பின்னால் இருந்த சைக்கிள், திரும்பும் லாரியின் கண்ணுக்குத் தெரியாத மூலையில் திடீரென்று வந்து நிற்கும். நெதர்லாந்தில் மூலையில் சிறு மேடை கட்டி இதைச் சரிசெய்கிறார்கள். வண்டி மெதுவாகத்தான் திரும்ப முடியும், பாதி திரும்பும்போது வண்டி ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே சைக்கிள் தெரியும்.

ஆக, சின்னத் தெருக்களுக்கு 30 கி.மீ. வரம்பும் வேகத்தடையும் போதும், தனிப்பாதை தேவையில்லை. பேருந்தும் லாரியும் ஓடும் பெரிய சாலைக்குத் தடுப்பு கட்டாயம் வேண்டும். கையில் பெயின்ட் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், நிற்கும் கார்களின் கதவு எட்டாத தூரத்தில் கோட்டைப் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் கம்பங்களையாவது நட்டுவிடுங்கள்.