எம்எஸ்கன்வர்ட்: நான்கு ஆண்டுப் பழக்கமும் ஒரு வரிசைத் தகராறும்

"ரா கோப்புகளை எம்இசட்எம்எல்லாக மாற்ற எம்எஸ்கன்வர்ட் போதுமா, அக்கா?" என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டான். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவி) எழுதும் ரா கோப்புகளை எம்இசட்எம்எல் என்ற பொது வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்தான் எம்எஸ்கன்வர்ட். கேட்ட நாள் சரியில்லை. அன்று காலைதான் 64 கோப்புகளை இரண்டாம் முறையாக மாற்றி முடித்திருந்தேன்.

எல்லாம் ஒரு ஃபில்டரால், அதாவது மாற்றும்போது தரவைப் பதப்படுத்தும் ஒரு படியால் வந்தது. எங்கள் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் புரொஃபைல் முறையில் பதிவு செய்கிறது. ஒவ்வொரு உச்சமும் பல புள்ளிகள் சேர்ந்த மேடாக இருக்கும். எக்ஸ்சிஎம்எஸ் என்ற தரவு ஆய்வு மென்பொருளில் உச்சங்களைத் தேடும் சென்ட்வேவ் முறைக்கு அந்த மேடு ஒற்றைக் கோடாகச் சுருங்கி வர வேண்டும். சுருக்குவது 'பீக் பிக்கிங்' ஃபில்டர். கருவி நிறுவனத்தின் சொந்தக் கணக்கீட்டைக் கேட்டால் அது பட்டியலில் முதலில் நின்றாக வேண்டும்; அந்த நிறுவனத்தின் நிரல்தொகுப்பு, வேறொரு ஃபில்டர் கை வைத்த தரவைத் தொடாது. நானோ எம்எஸ் நிலை ஃபில்டரை (எந்த நிலை ஸ்கேன்கள் வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது) மேலே போட்டு, இதைக் கீழே சேர்த்திருந்தேன்.

எச்சரிக்கை வந்துதான் இருக்கும். விறுவிறுவென்று ஓடும் வரிகளை யார் படிக்கிறார்கள்? எக்ஸ்சிஎம்எஸ் ஆயிரக்கணக்கில் போலி உச்சங்களைக் கொட்டியபோதும் மாதிரியைத்தான் சந்தேகப்பட்டேன். கரைப்பானை மாற்றினேன், மாதிரி இல்லாமல் வெறுமனே மூன்று முறை பிளாங்க் ஓட்டினேன். மூன்று நாள் போயிற்று. ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது, தவறு என்னுடையதுதான். ஆனாலும், முதலில்தான் நிற்க வேண்டும் என்றால் அதுவே முதலில் போய் நின்றுகொள்ளக் கூடாதா?

மற்றபடி குறை சொல்ல மனம் வரவில்லை. பல நிறுவனங்களின் பூட்டிய கோப்புகளை இலவசமாகத் திறந்து தருகிறது. இரவில் கட்டளையைக் கொடுத்துவிட்டுப் போனால் காலையில் எல்லாம் தயார். கோப்பு வீங்குவது எண்களை பேஸ்64 எழுத்தாக்கி எக்ஸ்எம்எல்லுக்குள் அடைப்பதால். இசட்லிப் சுருக்கம் ஓரளவு காப்பாற்றும். லினக்ஸில் ரா கோப்புகளைத் திறக்க, விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்டும் வைன் அடங்கிய டாக்கர் தொகுப்பு வேண்டும், ஏனென்றால் நிறுவனங்கள் தரும் நிரல்தொகுப்புகள் விண்டோஸுக்கானவை. ஒருமுறை சர்வீஸ் பொறியாளர் கருவியின் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டுப் போன மறுநாள் ஒரு கோப்பும் திறக்கவில்லை. புதிய எம்எஸ்கன்வர்ட்டை நிறுவியதும் சரியானது. அந்தக் கோபம் கருவி நிறுவனத்தின் கணக்கில்.

தம்பியிடம், "வேறு ஏதாவது தேடிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். மாலையில் திரும்பி வந்து, "எதை, அக்கா?" என்றான். எம்எஸ்கன்வர்ட் கட்டளைகளை எழுதி வைத்திருக்கும் என் பேட்ச் கோப்பை அனுப்பிவைத்தேன். அதில் பீக் பிக்கிங்தான் முதல் ஃபில்டர்.