பிரஷ் முடியைக் கொளுத்தினேன், ஆட்டுக்கால் வாசம் வந்தது

‘நூறு சதவீதம் சிந்தெடிக், சென்சிட்டிவ் சருமத்துக்கென்றே தயாரித்தது’ என்று பெட்டியில் தங்க எழுத்தில் இருந்தது. 12 மேக்கப் பிரஷ்கள், 1,450 ரூபாய். தங்கையின் வளைகாப்புக்கு இரண்டு வாரம் முன்பு இணையக் கடை ஒன்றில் வாங்கினேன். எனக்குச் சிறுவயது முதலே எக்ஸிமா உண்டு. கவரிங் தோடு போட்டால்கூடக் காது புண்ணாகிவிடும். அதனால்தான் விலங்கு முடி இல்லை, முழுக்கச் செயற்கை இழை என்று சொல்லும் அந்த வாசகத்தைத் தேடிப் பிடித்தேன்.

தொட்டால் பஞ்சு. அதில்தான் ஏமாந்தேன். மென்மையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நல்ல ஆட்டு முடி, மட்டமான நைலானைவிட மிருதுவாகவே இருக்கும்.

நான்காம் நாள் இரு கன்னங்களிலும் சிவப்புத் திட்டுகள், அரிப்பு. தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, முடியா, சாயமா, முடியைக் கவ்வியிருக்கும் உலோகப் பட்டையின் நிக்கல் முலாமா என்று பரிசோதிக்காமல் சொல்ல முடியாது, முதலில் பிரஷ்ஷை நிறுத்துங்கள் என்றார். நிறுத்தினேன். வளைகாப்புப் படங்களில் நான் மட்டும் வெறும் முகத்தோடு நிற்கிறேன். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொல்கிறார். அம்மா அப்படித்தான் சொல்வார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கழுவினேன். மூன்று பெரிய பிரஷ்களிலிருந்து டிகாஷன் போலப் பழுப்புத் தண்ணீர் இறங்கியது. மறுநாள் காலை மற்றவை காய்ந்துவிட்டன, அந்த மூன்றும் ஈரமாகவே கிடந்தன. விலங்கு முடியின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. பவுடரைப் பிடித்துக்கொள்ள அவை உதவும்; திரவ ஃபவுண்டேஷனையோ முடி குடித்துவிடும். முதல் நாள் ஃபவுண்டேஷன் பாதி பிரஷ்ஷிலேயே போனதற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது.

மூன்று முடிகளைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் தீக்குச்சியால் கொளுத்தினேன். செயற்கை இழை என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டியான மணி போல் நிற்கும். பிளாஸ்டிக் நாற்றம் வரும். இதுவோ பொசுங்கி, விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிர்ந்தது. கூடத்திலிருந்து மாமியார் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமைகூட இல்லையே, யாரம்மா ஆட்டுக்கால் வாட்டுவது?” ஆடுதானா என்று எனக்குத் தெரியாது. செயற்கை இழை இல்லை என்பது மட்டும் தெரியும். மற்ற ஒன்பதும் ஒழுங்காக உருகின. ஒன்பது உண்மைக்குள் மூன்று பொய்யை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

கடைக்கு எழுதினால், ‘கழுவிய பொருளைச் சுகாதாரக் காரணங்களால் திரும்பப் பெற இயலாது’ என்ற ஒரே வரி மூன்று முறை வந்தது. நான்காம் முறை, 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளைக் குறிப்பிட்டு எழுதினேன். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்த பிறகுதான் அந்தப் பக்கம் குரல் மாறியது.

வாங்கப் போகிறவர்கள் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். என்னிடம் அது இல்லாததால் வாதாடியே நாட்கள் போயின. திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், கழுவுவதற்கு முன்பே, ஒவ்வொரு பிரஷ்ஷிலிருந்தும் ஒரு முடியைக் கொளுத்திப் பாருங்கள். ஒன்றை மட்டும் சோதித்தால் மாட்டிக்கொள்வீர்கள். முகத்துக்குப் போகும் முன் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாள் தேய்த்துப் பாருங்கள். கவரிங் நகை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த உலோகப் பட்டை சருமத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்திரண்டாம் நாள் பணம் வந்தது, அனுப்பும் கட்டணம் நீங்கலாக. அந்தப் பெட்டி இன்னும் அதே தங்க எழுத்தோடு விற்பனையில் இருக்கிறது. விலையில் மட்டும் 200 ரூபாய் குறைத்திருக்கிறார்கள்.