ஃப்ரீகேட் 1.0: ஓரிடத்தில் அளவை மாற்றினால் மூன்று பாகமும் மாறுமா?

மாறும். ஆனால் அளவுகளை எந்தக் கோப்பில் வைக்கிறோம், எந்தத் திசையில் இணைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஃப்ரீகேட் என்பது இயந்திரப் பாகங்களை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள். 2024 நவம்பரில் வந்த அதன் 1.0 பதிப்பில், பாகங்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் அசெம்பிளி வொர்க்பெஞ்ச் உள்ளேயே சேர்ந்துவிட்டது. எனவே பல பாகங்களின் அளவுகளைக் கோத்து வைக்க இந்த இலவச மென்பொருளை நம்பலாமா என்று பார்ப்பதற்கு இதுவே நேரம்.

எடுத்துக்காட்டுக்கு 6204 என்ற நிலையான அளவு பேரிங். அதற்கு ஒரு ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு), ஒரு மூடி, ஒரு ஷாஃப்ட், மூன்றும் தனித்தனிக் கோப்புகள். நான்காவது கோப்பில் ஸ்ப்ரெட்ஷீட் மட்டும்: உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, அகலம் 14, ஹவுசிங் குழியின் ஆழம் 18. ஒவ்வொரு செல்லுக்கும் மேலேயுள்ள அலியாஸ் (மாற்றுப்பெயர்) பெட்டியில் பெயர் கொடுக்க வேண்டும். இடைவெளி விட்ட பெயரையும், மி.மீ. போன்ற அலகின் பெயரையும், பி12 போல செல் முகவரியாகத் தெரியும் பெயரையும் அது ஏற்காது.

அடுத்து, பாகத்தின் ஸ்கெட்ச்சில் (அடிப்படைக் கோட்டுப்படத்தில்) அளவை இருமுறை கிளிக் செய்து, பெட்டியின் ஓரத்திலுள்ள நீல நிற எஃப்-எக்ஸ் குறியைத் தொட்டால் சூத்திரம் எழுதலாம். கோணக் குறிகளுக்குள் கோப்பின் பெயர், ஹேஷ், ஷீட்டின் பெயர், புள்ளி, அலியாஸ் என்பது வரிசை. அதற்கு முன் இரண்டு கோப்புகளையும் ஒருமுறையாவது சேமித்திருக்க வேண்டும். மூடியின் உள்நுழையும் பகுதிக்கு விட்டம் வெளிவிட்டத்தைவிட 0.2 மி.மீ. குறைவு. சூத்திரத்தில் வெறும் 0.2 என்று எழுதினால் அலகு பொருந்தவில்லை என்று பிழை வரும். அலகையும் சேர்த்தே எழுத வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தாலும், தப்பான கணக்கை அங்கேயே பிடித்துவிடுவதால் இது நல்ல குணம்தான்.

இப்போது பேரிங்கை 6205 ஆக்குவோம். 25, 52, 15 என மூன்று செல்களை மாற்றினால் போதும். ஹவுசிங் துளை 52 ஆகிறது, மூடியின் நுழைபகுதி 51.8. ஆழத்திலிருந்து அகலத்தைக் கழித்து வைத்த நுழைநீளம் 4இலிருந்து 3க்கு இறங்குகிறது. வெளிவிட்டத்தோடு 19 கூட்டிய போல்ட் வட்டம் (போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்) 66இலிருந்து 71க்குப் போகிறது. இதுவரை குறையில்லை.

குறை வருவது இணைக்காமல் விட்ட அளவில். மூடியின் வெளிவட்டத்தைக் கையால் 82 என்று தட்டியிருந்தால் அது 82ஆகவே நிற்கும். எம்6 போல்ட்டுக்கான 6.6 மி.மீ. துளைக்கு வெளியே முன்பு 4.7 மி.மீ. உலோகம் இருந்தது, இப்போது 2.2தான். மாடல் பிழையின்றி உருவாகும், எந்த எச்சரிக்கையும் வராது. போல்ட் வட்டத்தோடு 16 மி.மீ. கூட்டி வெளிவட்டத்தையும் சூத்திரமாக்கி வைப்பதே வழி.

இரண்டாவது தொல்லை சுற்றுச்சார்பு, அதாவது இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பது. மாடலிலிருந்து கிடைக்கும் கன அளவையோ எடையையோ அதே ஷீட்டில் காட்ட ஆசைப்பட்டால் பிழை வரும். செல்கள் தனித்தனியாக இருந்தாலும், சார்பைச் சரிபார்க்கும்போது ஃப்ரீகேட் முழு ஷீட்டையும் ஒரே பொருளாகவே பார்க்கிறது. உள்ளீட்டுக்கு ஒரு ஷீட், விடைகளுக்கு இன்னொன்று என்று பிரித்தால் தீர்ந்தது.

ஷீட்டை மாற்றும்போது பாகக் கோப்புகளையும் திறந்து வைத்திருப்பது நல்லது. மூடியிருந்த கோப்பைப் பிறகு திறந்தால், பழைய அளவிலேயே நிற்கக்கூடும். பக்கவாட்டிலுள்ள மரத்தில் (பாகங்களின் பட்டியலில்) பாகத்தை வலது கிளிக் செய்து, மறுகணக்கீட்டுக்குக் குறித்துவிட்டு, பிறகு ரீகம்ப்யூட் கொடுங்கள். ஷீட் கோப்பின் பெயரை வெளியே ஃபோல்டரில் போய் மாற்றினால் இணைப்பெல்லாம் அறுந்துவிடும்.

1.0இல் புதிதாக வந்த வார்செட் (மாறிகளின் தொகுப்பு), ஷீட்டுக்கு மாற்று. ஒவ்வொரு மாறிக்கும் நீளம், கோணம் என்று வகை குறித்து வைக்கலாம். பத்துப் பதினைந்து மாறிகள் இருக்கும் வேலைக்கு அதுவே வசதி. அட்டவணையாகப் பார்த்துக் கணக்குப் போட வேண்டியிருந்தால் ஷீட்தான் சரி.

எண்ணுக்குப் பதில் பக்கத்துப் பாகத்தின் முகத்தையே (பரப்பையே) சப்-ஷேப்பைண்டர் என்ற கருவியால் இழுத்துவரவும் முடியும். மாடலைத் திருத்தும்போது முகப் பெயர்கள் தாறுமாறாக மாறும் பழைய நோயை 1.0 வெகுவாகக் குறைத்திருக்கிறது. இருந்தாலும் எண்ணை இணைப்பதே உறுதி. கட்டண மென்பொருளான சாலிட்வொர்க்ஸிலும் இதே கதைதான்: குளோபல் வேரியபிள்களை (பொது மாறிகளை) ஒரு டெக்ஸ்ட் கோப்புக்கு ஏற்றுமதி செய்து எல்லாப் பாகங்களையும் அதோடு இணைத்தால் நிம்மதி, அசெம்பிளிக்குள் நின்று ஒரு பாகத்தின் விளிம்பைப் பிடித்து இன்னொன்றை வரைந்தால் வெளியிணைப்பையும் அது அறுந்ததையும் காட்டும் அம்புக்குறியும் கேள்விக்குறியும் மரமெங்கும் முளைக்கும்.

கடைசியாக, மாடலிலிருந்து தாள் வரைபடம் எடுக்கும் டெக்டிரா. துளையின் அளவு 52 என்று தானே மாறிவிடும். ஆனால் எச்7 பொருத்தத்துக்கு (துளை எவ்வளவு பெரிதாகலாம் என்ற தர வரம்பு) டாலரன்ஸாகக் கையால் எழுதிய 0.025 மி.மீ. அப்படியே இருக்கும். விட்டம் 50ஐத் தாண்டியதால் அது 0.030 ஆக வேண்டும். அந்த டாலரன்ஸ் பெட்டியையும் ஷீட்டோடு இணைக்கலாம், பலரும் இணைப்பதில்லை.